வாத்தியாருக்கு எதற்கு ஆராய்ச்சி?

“ஏங்கண்ணு, வரலாறு படிச்சுப் பட்டம் வாங்குனவன் நீ. ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுத்தா, கை தேஞ்சா போயிரும்?”

கேட்டவர், எனக்குப் பெரியப்பா முறை. கேட்ட இடம், பீளமேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணை. கேட்ட பொருளோ, கேட்பதற்கு எளியது, கொடுப்பதற்குத்தான் அரியது!

எங்கள் பூர்வீகச் சிற்றூரிலே கோயில் குடமுழுக்கு. குடமுழுக்கு என்றால் மலர் வேண்டும். மலர் என்றால் அதிலே ஊர் வரலாறு வேண்டும். ஊர் வரலாறு என்றால், எங்கள் முன்னோர் ஒரு மன்னனோடு வந்தனர், காடு திருத்தினர், மன்னன் மகிழ்ந்து செப்பேடு ஈந்தான், ஏனையோர் அனைவரும் பின்னாளில் குடிகளாக வந்து ஒண்டினர் என்று இருக்க வேண்டும். இவ்வளவுதான் பெரியப்பா கேட்ட நாலு பக்கம்.

“செப்பேடு எங்கே இருக்குதுங்க, பெரியப்பா?” என்றேன்.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் அப்பவே கொண்டுபோயிட்டான் சாமி.”

“நீங்க பார்த்தீங்களா?”

“நா எங்க பாத்தேன்? எங்கய்யன் சொல்லுவாரு.”

“அவர் பார்த்தாருங்களா?”

பெரியப்பாவின் முகம் சுருங்கிற்று. எழுந்தார், துண்டை உதறித் தோளிலே போட்டார், படியிறங்கும்போது ஒரு வாசகத்தை வீசிவிட்டுப் போனார்:

“வாத்தியாருக்கு எதுக்கப்பா ஆராய்ச்சி? பள்ளிக்கூடத்துல இருக்கற பாடத்த நடத்து. ஊர்ல சொல்றத எழுது.”

தோழர்களே! அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நாலு பக்கம்தானே, எழுதித் தந்தால் என்ன என்று உள்ளத்தின் ஒரு பாதி கேட்டது. உறவு கெடாது, ஊர் மெச்சும், மலரிலே பெயர் வரும், மேடையிலே ஒரு துண்டும் விழும். மற்றொரு பாதி வேறொன்றைக் கேட்டது. அந்த நாலு பக்கம் அச்சேறிய மறுநாள் அது என்ன ஆகும்? சான்று ஆகும்! “பார், படித்த வாத்தியாரே எழுதியிருக்கிறார், நாங்கள் முதற்குடி, நீங்கள் வந்தேறி” என்று காட்டப்படும். முதல் மரியாதை யாருக்கு என்பதில் தொடங்கி, தேர் எந்தத் தெருவுக்கு வரலாம், எந்தத் தெருவுக்கு வரலாகாது என்பது வரையில், அந்தத் தாள் பேசும். என் வகுப்பிலே மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பையன் ஒருவன், அந்த ஊரின் கீழ்த் தெருவிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வருகிறவன். நான் எழுதும் பொய் அவனுடைய தலையிலே விழும்; நான் சொல்லிக்கொடுத்த தமிழிலேயே அதை அவன் படிக்கவும் செய்வான்!

எண்ணமிட்டபடியே விளக்கைப் போட்டேன். மேசைமீது கிடந்தது ஓர் ஏடு: ‘கொங்குநாட்டு வரலாறு.’ எழுதியவர் மயிலை சீனி. வேங்கடசாமி. அட்டையிலே அப்பெயரைக் கண்டதும் பெரியப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவரும் ஒரு வாத்தியார்தானே!

ஆம், தோழர்களே. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அல்லர். பெரும் பட்டங்கள் பெற்றவர் அல்லர். சென்னை மயிலாப்பூரிலே நகராட்சிப் பள்ளியில் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். 1900-இல் பிறந்தார். தந்தையார் சித்த மருத்துவர். ஓவியம் பயில வேண்டுமென்ற ஆவலோடு எழும்பூர் ஓவியப் பள்ளியிலே சேர்ந்தார். வீட்டுச் சூழ்நிலை இடந்தரவில்லை. தூரிகையைக் கீழே வைத்தார். நீதிக் கட்சியின் நாளேடாகிய ‘திராவிட’னிலே ஆசிரியர் குழுவில் பணியாற்றினார். பிறகு பள்ளி ஆசிரியரானார்; 1955-இல் ஓய்வு பெறும்வரை அந்தப் பணிதான். மணம் செய்துகொள்ளவில்லை. 1980-இல் மறைந்தார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே. ஒரு அஞ்சலட்டையிலே அடங்கிவிடும்!

ஆனால் அந்தக் கை எழுதிய ஏடுகளை அடுக்கிப் பாருங்கள். 1936-இல் ‘கிறித்தவமும் தமிழும்’. 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’. 1954-இல் ‘சமணமும் தமிழும்’. 1956-இல் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’. 1959-இல் ‘மறைந்துபோன தமிழ் நூல்கள்’. 1962-இல் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம்’. 1974-இல் ‘கொங்குநாட்டு வரலாறு’. மாலையில் பள்ளி மணி அடித்த பிறகும், ஓய்வு பெற்ற பின்னும், நூலகத்திலும் வீட்டு விளக்கடியிலும் விளைந்த விளைச்சல் இது. பிராமியும் வட்டெழுத்தும் கிரந்தமும் கற்று, கல்லையும் செப்பேட்டையும் தாமே படித்துப் பார்த்து எழுதினார்.

இவற்றிலே எனக்குப் பெரிதாகப் படுவது, எண்ணிக்கை அன்று. அவர் எழுத எடுத்துக்கொண்ட பொருள்கள்தாம். தமிழ் என்றாலே ஒரு சமயத்தின் சொத்து என்று பேசப்பட்ட காலத்திலே, பௌத்தன் தமிழுக்குத் தந்ததென்ன, சமணன் தந்ததென்ன, கடல் கடந்து வந்த கிறித்தவன் தந்ததென்ன என்று கணக்கெடுத்தார். யாரையும் போற்றிப் பாடவில்லை, யாரையும் தூற்றவில்லை, யார் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்று பேரேட்டிலே பற்று வைத்தார்.

அந்தப் பேரேட்டைக் கொங்கு நாட்டுக்குத் திருப்புங்கள். பள்ளிக்கூடத்திலே நான் கற்பிக்கும் இலக்கணத்துக்கு வேர் எது? நன்னூல். அதை யாத்த பவணந்தி முனிவர் சமணர். அவரை நம் சீனாபுரத்தோடு சேர்த்துப் பேசுவது கொங்கு நாட்டு வழக்கு. பெருங்கதை பாடிய கொங்குவேளிரை விசயமங்கலத்துக்காரர் என்கிறோம். அவ்வூரிலே சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. கழுவேற்றிய கதையை விழாவாகக் கொண்டாடியவர்கள், கழுவேறியவர்கள் எழுதிவைத்த இலக்கணத்தைக் கொண்டுதான் அந்தக் கதையைப் பிழையின்றி எழுதினார்கள்! இந்த முரணை எண்ணிப் பார்க்க வைப்பதுதான் வரலாற்றாசிரியனின் வேலை.

அவருடைய துணிவுக்கு இன்னொரு சான்று, களப்பிரர் பற்றிய நூல். சங்க காலத்துக்கும் பல்லவர் பாண்டியர் எழுச்சிக்கும் இடையிலே கிடக்கும் நூற்றாண்டுகளை, ‘இருண்ட காலம்’ என்று ஒரே சொல்லிலே புதைத்துவிட்டார்கள். ஏன் இருண்டது? விளக்கேற்ற யாரும் முயலாததால் இருண்டதா, விளக்கே இல்லாததால் இருண்டதா? 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வேள்விக்குடிச் செப்பேடு ஒன்று உண்டு. பழைய பாண்டியன் ஒருவன் வேதியருக்கு வேள்விக்காக ஈந்த நிலத்தைக் களப்பிரன் பறித்துக்கொண்டான். பிற்காலப் பாண்டியன் நெடுஞ்சடையன் அதை மீட்டுக் கொடுத்தான் என்பது அதன் செய்தி. நிலத்தை இழந்தவன் தரப்பிலிருந்து பார்த்தால், பறித்தவன் காலம் இருள்தான்! வேங்கடசாமியார் என்ன செய்தார்? எதிர்த்தரப்புச் சாட்சியையும் கூண்டிலேற்றினார். அந்த இருளிலேதான் 470-ஆம் ஆண்டில் வச்சிரநந்தி மதுரையிலே திரமிள சங்கம் கண்டார், வட்டெழுத்து வளர்ந்தது, புதிய பாவகைகள் கிளைத்தன, நூல்கள் எழுந்தன என்று வரிசை வரிசையாக வைத்தார். ‘களப்பிரர் ஆட்சியில் தமிழகம்’ என்ற அந்த ஏடு வந்த பிறகு, இருண்ட காலம் என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு உச்சரிப்பது கடினமாகிவிட்டது.

இங்கே, நம்மவர்க்கும் ஒரு பாடம் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நான் பகுத்தறிவாளன் அல்லன். களப்பிரர், வேதியருக்கு நிலம் தருவதையே ஒழித்தவர் என்று நம்மிலே சிலர் மேடையில் முழங்குவதுண்டு. 1979-இல் சிவகங்கைச் சீமையிலே பூலாங்குறிச்சியில் ஒரு கல்வெட்டு வெளிச்சத்துக்கு வந்தது. அதிலே வரும் மன்னன் களப்பிரனே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர், மறுப்போரும் உளர். அந்தக் கல்லிலே பிரமதாயம் என்ற சொல் இருக்கிறது. வேதியர்க்குரிய நிலம் அவன் ஆட்சியிலும் இருந்தது என்பதற்கு அது சான்று. நமக்கு இனிப்பாக இல்லை. அதற்காகக் கல்லை உடைத்துவிட முடியுமா? சான்று வந்தால் முடிவை மாற்றிக்கொள்வது பகுத்தறிவு. முடிவுக்கு ஏற்பச் சான்றை மாற்றிக்கொள்வது, பெரியப்பாவின் செப்பேடு!

இதை எண்ணியபோது, கல்லூரி நாளிலே நான் படித்த மற்றொரு வாத்தியாரின் நினைவும் வந்தது. ஊர் வேறு, மொழி வேறு, சமயம் வேறு. ஆயினும் இவருக்கு அண்ணன் என்று சொல்லத்தக்கவர். துருக்கியப் பேரரசின் ஆட்சியிலே, பொசுனியா நாட்டுச் சரயேவோ நகரில், 1731-ஐ ஒட்டிப் பிறந்தவர் முல்லா முஸ்தபா பாஷெஸ்கியா. சிறுவர் பள்ளியிலே ஆசிரியர். பள்ளிவாசலிலே தொழுகை நடத்துபவர். எழுதத் தெரியாதவர்க்குக் கடிதமும் மனுவும் எழுதித் தந்து அந்தக் கூலியிலும் பிழைத்தவர். பேரரசின் தலைநகரிலே அரண்மனை வரலாற்றாசிரியர்கள் சுல்தானின் வெற்றிகளை எழுதிக்கொண்டிருந்த காலம். இவர் என்ன எழுதினார் தெரியுமா? தம் தெருவை எழுதினார்! இந்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது; இந்த நாள் வெள்ளம் வந்தது; இன்று தீப்பிடித்தது; இன்று இன்னார் இறந்தார் என்று எழுதினார். இறந்தவர் யார்? தோல் பதனிடுபவர், சேணம் தைப்பவர், செருப்புத் தைப்பவர், சுமை தூக்குபவர்! அவரவர் தொழிலோடும், ஊரார் வைத்த பட்டப் பெயரோடும், ஆயிரக்கணக்கானவர் அந்த ஏட்டிலே இடம் பெற்றனர். ஏறத்தாழ அரை நூற்றாண்டு எழுதி, 1809-இல் அவரும் மறைந்தார்.

அந்தக் கையெழுத்து ஏடு இன்றும் இருக்கிறது, சரயேவோவிலுள்ள காசி குஸ்ரெவ் பேக் நூலகத்திலே. எளிதாக இருந்துவிடவில்லை. 1992-இல் தொடங்கிய முற்றுகையின்போது, அந்த நகரத்துத் தேசிய நூலகம் குண்டு வீச்சிலே எரிந்து சாம்பலாயிற்று. கீழைநாட்டியல் நிறுவனத்தின் ஓலையும் ஏடும் அழிந்தன. குஸ்ரெவ் பேக் நூலகத்து ஏடுகளை மட்டும், அங்கே பணியாற்றியவர்கள் இடம் மாற்றி இடம் மாற்றி, உயிரைக் கொடுத்துக் காப்பது போலக் காத்தனர். நமக்குப் புரியாத துயரா அது? 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்களே, ஏறத்தாழ 97,000 நூல்கள்! பகைவன் முதலில் நூலகத்தைத்தான் தேடுகிறான். ஏன்? ‘நீ இந்த மண்ணிலே இருந்தாய்’ என்று சொல்லும் சாட்சி அங்கேதான் இருக்கிறது.

தீ இல்லாமலும் நூல்கள் மாயும். கரையான் தின்னும்; ஆற்றுப் பெருக்கிலே விடுவர்; எவரும் படியெடுக்காமலே உளுத்து உதிரும். அப்படி மாய்ந்தவற்றைத்தான் ‘மறைந்துபோன தமிழ் நூல்க’ளிலே வேங்கடசாமியார் தேடினார். உரையாசிரியன் ஒருவன் மேற்கோளாகக் காட்டிய ஒரு பாட்டு. பெயர் மட்டும் சொல்லிவிட்டுப் போன ஒரு வரி. இவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இப்படியொரு நூல் இருந்தது என்று நிறுவினார். தகடூர்ப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ அவற்றிலே ஒன்று. அதியமானின் தகடூர், இன்றைய தருமபுரி. முழு நூல் இல்லை. சிதறிய பாடல்கள் சில உண்டு. இறந்தவரின் பெயரை எழுதி வைத்தார் சரயேவோ ஆசிரியர். இறந்த நூல்களின் பெயரை எழுதி வைத்தார் மயிலாப்பூர் ஆசிரியர். இருவருக்கும் யாரும் ஆணையிடவில்லை. யாரும் கூலி தரவுமில்லை.

‘கொங்குநாட்டு வரலா’ற்றைப் புரட்டினேன். பழங்காலம் முதல் கி.பி. 250 வரையிலான கதை அது. சேரர் குடியின் ஒரு கிளையாகிய பொறையர், கருவூரை இருப்பிடமாகக் கொண்டு கொங்கு நாட்டை ஆண்டனர் என்பதைப் பதிற்றுப்பத்தையும் கல்வெட்டையும் பக்கத்திலே பக்கத்திலே வைத்துக் காட்டுகிறார். கரூரை அடுத்த புகழூர் ஆறுநாட்டார் மலையிலே, பிராமி எழுத்திலே, மூன்று தலைமுறைச் சேரர் பெயர் இருக்கிறது. இளங்கடுங்கோ இளவரசு ஆனபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்ற சமணத் துறவிக்காகக் கல்லிலே படுக்கை வெட்டப்பட்டது என்பது செய்தி. அதே மலையிலே கருவூர்ப் பொன் வாணிகன் நத்தி என்பவனும் தன் பெயரைப் பொறித்திருக்கிறான். அரசனுக்குக் கல் இடம் தந்தது. வாணிகனுக்கும் இடம் தந்தது.

ஈரோட்டை அடுத்த அறச்சலூர் மலைக்கு வாருங்கள். அங்கேயுள்ள பிராமி எழுத்துகளை 1960-களின் தொடக்கத்திலே உலகறியச் செய்தவர் புலவர் செ. இராசு. இசைக்குரிய எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அமைத்து, அமைத்தவன் பெயரையும் கீழே வெட்டியிருக்கிறார்கள்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் யார்? நாணயத்தை நோட்டம் பார்ப்பவன்! பொன்னா, பித்தளையா, வெள்ளியா, ஈயமா என்று உரசிப் பார்த்துச் சொல்பவன். அவன் இங்கே ஏன் இருந்தான் என்பதும் வியப்பன்று. எங்கள் பீளமேட்டுக்குத் தெற்கே, நொய்யற் கரையிலுள்ள வெள்ளலூரிலே, 1842-லும் 1891-லும் 1931-லும் உரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வாணிகப் பெருவழி இது. வெளிநாட்டுக் காசு புழங்கும் நாட்டிலே வண்ணக்கனுக்கு வேலை இருக்கத்தானே செய்யும்!

அந்தப் பெயரை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றிரவுதான் அது என்னைப் பார்த்துப் பேசிற்று. வரலாற்றாசிரியன் யார்? வண்ணக்கன்! சொந்தக்காரன் நீட்டிய காசு என்பதற்காகப் பித்தளையைப் பொன் என்று சொன்னால், அவன் வண்ணக்கன் அல்லன், கூட்டுக் களவாணி.

விடிந்ததும், எங்கள் வீட்டுப் பரணிலே கிடந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அப்பாரு, அதாவது என் தந்தையின் தந்தை, பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைச் சங்கு ஊதும்போது எழுந்து, சங்கு ஊதும்போது வீடு திரும்பியவர். ஆயினும் கணக்கு எழுதுவதிலே கெட்டிக்காரர். பழைய வரிக் காகிதம், பத்திரம், கடுதாசி ஏதேனும் கிடைக்குமா என்று துழாவினேன். செப்பேடு கிடைக்கவில்லை. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று கிடைத்தது. 1962-ஆம் ஆண்டு ஊர்க்கோயில் மதிலைக் கட்டியபோது எழுதிய கூலிக் கணக்கு! ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போய் அப்பாருதான் கூலி எண்ணிக் கொடுத்திருக்கிறார். பெயர், வேலை, நாள், கூலி, கைநாட்டு எனக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்.

கல் உடைத்தவர் இன்னார்; சுண்ணாம்பு அரைத்தவர் இன்னார்; மண் சுமந்த பெண்கள் இன்னார் இன்னார். ஏறத்தாழ எல்லாப் பெயரும் கீழ்த் தெருப் பெயர். ஒரு பெயர் என்னை நிறுத்திற்று. மூன்றாம் வரிசைப் பையன், முன்னொரு நாள் வகுப்பிலே எழுந்து கேட்டிருந்தான்: “சார், எங்க குடும்பத்துல ஆரு பேராச்சும் ஏதாவது புஸ்தகத்துல இருக்குங்களா?” வகுப்பு சிரித்தது. நானும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், சிரித்துவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். இதோ, அவனுடைய தாத்தாவுக்கு அப்பன் பெயர்! பக்கத்திலே, மை மங்கிய ஒரு கட்டைவிரல் ரேகை. அந்தக் கோயில் மதிலுக்கு அவர் முப்பத்தொரு நாள் கல் உடைத்திருக்கிறார். கட்டி முடித்த மதிலுக்கு உள்ளே அவரை விட்டார்களா என்பது கணக்கு நோட்டில் இல்லை. அது ஊருக்கே தெரியும்.

நாலு பக்கம் எழுதினேன். செப்பேடு ஒன்றும் காணக் கிடைக்கவில்லை என்று தொடங்கினேன். நொய்யலை எழுதினேன், வெள்ளலூர்க் காசை எழுதினேன், அறச்சலூர் வண்ணக்கனை எழுதினேன். முதலில் வந்தவர் யார் என்பதற்கு இவ்வூரில் சான்று எதுவும் இல்லை என்றும் எழுதினேன். இறுதியில், 1962-இல் மதில் கட்டியவர்களின் பெயர்ப் பட்டியலை ஒன்று விடாமல் சேர்த்தேன்.

பெரியப்பா படித்தார். பட்டியல் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். நோட்டைக் காட்டினேன். பக்கங்களைத் தடவிப் பார்த்தார்.

“இது எஞ் சித்தப்பன் கையெழுத்துத்தான்,” என்றார், மெல்ல.

“ஆமாங்க பெரியப்பா.”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கண்ணு, இத வெளிய காட்டாத. பட்டியல எடுத்துட்டுக் குடு, போட்டுரலாம்.”

“பட்டியலை எடுத்துட்டா, மீதி எதுக்குங்க?”

மலர் வெளிவந்தது. நான் எழுதியது அதிலே இல்லை. செப்பேடு இருந்தது! காணாமற்போன செப்பேட்டின் வாசகத்தை வரி பிசகாமல் எழுதித் தர ஒரு புலவர் கிடைத்துவிட்டார். விழாவுக்கு எங்கள் வீட்டுக்கு அழைப்பு வரவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. “ஊரோட ஒத்துப் போனா உனக்கென்ன குறையுது?” என்று மூன்றாம் நாள் கேட்டாள். அம்மாவின் கேள்விக்கு எளிதிலே விடை சொல்ல முடியவில்லை. உறவு இழப்பது இழப்புத்தான். நான் வீரன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை.

ஒன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாருவின் நோட்டைக் கண்டதும், ‘பார்த்தாயா, அவர்களே முதற்குடி!’ என்று எழுதிவிட என் கை துடித்தது. அதுவும் பொய்யாகும். அந்த நோட்டு, யார் முதலில் வந்தார் என்று சொல்லாது. யார் கல் சுமந்தார் என்று சொல்லும். அதற்குமேல் ஒரு சொல்லும் அதன் வாயிலிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. நம் பக்கத்துக்கு நன்மை தரும் பித்தளையும் பித்தளைதான்.

பள்ளி திறந்ததும், மூன்றாம் வரிசைப் பையனை அழைத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அன்று சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டேன். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். கைநாட்டின்மீது தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.

“சார், இத நான் எழுதி எடுத்துக்கட்டுங்களா?” என்றான்.

அன்று தொடங்கிற்று ஒரு வேலை. ஒன்பதாம் வகுப்பிலே ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டு மூத்தவர், பக்கத்து வீட்டு மூத்தவர் பெயர், செய்த தொழில், எந்த ஆலை, எந்த வயல், எந்தப் பட்டறை, எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன நினைவில் இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறார்கள். ‘சொன்னவர் யார், கேட்ட நாள் எது’ என்று எழுதாத பக்கத்துக்கு நான் கையெழுத்துப் போடுவதில்லை. பூளைச் செடி மண்டிய மேடுதான் பூளைமேடாகிப் பீளமேடு ஆயிற்று என்று ஒரு பாட்டி சொன்னாராம், பையன் எழுதிவிட்டு, ‘பாட்டி சொன்னது, வேறு சான்று தேட வேண்டும்’ என்று கீழே குறித்திருந்தான். தோழர்களே, அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு எந்தப் பொன்னாடையும் ஈடாகாது!

மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது. இன்று யாரும் அச்சிடலாம், யாரும் படிக்கலாம். ஆகவே இளைஞர் மன்றத்துத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிப்பகத்திலே அவருடைய நூல்களை வாங்கி வையுங்கள். படித்து முடித்ததும், ஒரு வெற்று நோட்டையும் பக்கத்திலே வையுங்கள். உங்கள் தெருவிலே கல் சுமந்தவர், நூல் நூற்றவர், சாக்கடை அள்ளியவர், பிள்ளைப்பேறு பார்த்தவர் ஆகியோரின் பெயர்களை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குச் செப்பேடு யாரும் வெட்டித் தரமாட்டார்கள்.

வாத்தியாருக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்டீர்களே, பெரியப்பா! மாணவன் எழுந்து நின்று, “எங்க ஆளுக பேரு எங்கயாச்சும் இருக்குங்களா?” என்று கேட்கிறான். அவனுக்கு விடை சொல்ல வேண்டியவன் வாத்தியார்தானே? அதற்குத்தான்.